தராசு இல்லாத சந்தை

குழந்தைகளுக்காக எழுதப்படுகிறவற்றை நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. நாவல், கவிதை, கூத்து, எப்போதாவது ஓவியம், சினிமா என்பதோடு நம் அக்கறை நின்றுவிடுகிறது. குழந்தைப் புத்தகம் என்று ஒன்று கையில் கிடைத்தால் 'நல்ல காரியம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஒரு எழுத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. நல்ல காரியமா என்பது ஒரு கேள்வி. எழுத்தா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை நாம் கேட்காமல் விட்டதனால் முதல் கேள்விக்கும் பதில் தெரியாமல் போயிற்று என்பதுதான் நான் இங்கே சொல்ல விரும்புவது.

சந்தர்ப்பம் சாதாரணமானது. எட்டு வயது மகளுக்குப் பள்ளியில் 'நம் உணவு எங்கிருந்து வருகிறது' என்று ஒரு வேலை கொடுத்தார்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஏழு புத்தகங்கள் வீட்டில் இருந்தன. தோட்டம் போடுவது, விஷமில்லாத உணவு, பக்கத்துச் சந்தை ஆகியவை பற்றிய படப் புத்தகங்கள். சில தமிழில் எழுதியவை, சில ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பத்து ராத்திரிகளில் ஏழையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்ற ஆறுக்கு அநியாயம். ஏழும் ஒரே புத்தகம்தான்.

அந்த ஒரே புத்தகத்தில் ஒரு நகரத்துக் குழந்தை இருக்கிறது. கிராமத்தில் பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார். விதை ஒன்று கைமாறுகிறது. மண்புழு சிரிக்கிறது. மழை வேண்டிய அளவு பெய்கிறது. காய் காய்க்கிறது. பிறகு சந்தை: சிவப்பு, பச்சை, மஞ்சள், கத்தரி நிறம். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் மக்கு உரம் தயாரிக்கும் முறை, எண்ணிட்ட ஆறு வரிகளில்.

என்ன இல்லை என்று பார்த்தேன். ஏழு புத்தகங்களிலும் சந்தை வருகிறது. ஒன்றில்கூடத் தராசு இல்லை. எந்தக் காய்க்கும் விலை இல்லை. யாரும் பேரம் பேசவில்லை. எதுவும் அழுகவில்லை, சொத்தையில்லை, மீந்துபோகவில்லை. சந்தை முடிந்த பிறகு அந்த இடத்தைக் கூட்டுகிறவர் இல்லை. சந்தைக்கு வரும் யாருக்கும் கடன் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. கணக்கு எழுதாத இடத்தில் எனக்குச் சந்தேகம் வருவது தொழில் பழக்கமாக இருக்கலாம். ஆனால் இது தொழில் பழக்கம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

*

நம் குழந்தைகள் கேட்கும் முதல் கதையே ஒரு தெருவோர வியாபாரம் பற்றியது என்பதை நாம் மறந்துவிட்டோம். பாட்டி வடை சுட்டு விற்கிறாள். வயதான காலத்தில் மரத்தடியில் அடுப்பு மூட்டி உட்கார வேண்டிய நிலை அவளுக்கு. காக்கா திருடுகிறது, நரி ஏமாற்றுகிறது. ஒரு வடைதான் கதை முழுவதும் ஓடுகிறது. அதற்கு உடைமை உண்டு, திருட்டு உண்டு, தந்திரம் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டப்பட்ட பாட்டியைக் கதை நடுவழியில் விட்டுவிட்டு நரியோடு போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் குழந்தையின் மனசில் அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பள்ளிகளில் சொல்லும் ஒரு வடிவத்தில் காக்கா பாட்டிக்கு வேலை செய்துகொடுத்து வடையை வாங்கிக்கொள்கிறது. திருட்டு போனதும் கதையும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்.

பி.ஏ.யில் ஆங்கிலம் படித்ததன் பயனாக எனக்குத் தெரிந்த சில தோட்டங்களும் உண்டு. 1902-இல் வெளிவந்த பீட்டர் முயல் கதையில், தாய் முயல் குட்டிகளை எச்சரிக்கிறது: அந்தத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் அப்பா அங்கே போய்த்தான் தோட்டக்காரர் வீட்டுச் சமையலில் முடிந்தார். கதை தொடங்கி இரண்டு பக்கம் ஆவதற்குள் இது வந்துவிடுகிறது. காய்கறித் தோட்டம் இன்னொருவனின் சொத்து. அதைத் தின்ன வருகிறவனுக்கும் பசி உண்டு. பிடிபட்டால் அவனே உணவாவான். பியாட்ரிக்ஸ் பாட்டர் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். கதையைப் பூச்சியின் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார் என்றும் பார்க்கலாம். நம் புத்தகங்களில் பூச்சியே கிடையாது. என் மொட்டைமாடியில் மாவுப்பூச்சி வந்து மூன்று செடி போன பிறகு எனக்கு இது விசித்திரமாகப் படுகிறது.

அமெரிக்கரான ஆர்னால்ட் லோபெல் 1972-இல் எழுதிய தவளை-தேரைக் கதைகளில் ஒன்றில் தேரை விதை போடுகிறது. உடனே முளைக்கவில்லை என்று விதைகளைப் பார்த்துக் கத்துகிறது. பிறகு பயந்துபோயிருக்கும் என்று அவற்றுக்குக் கதை படிக்கிறது, பாட்டுப் பாடுகிறது, பிடில் வாசிக்கிறது. கடைசியில் முளைத்ததும், தோட்டம் போடுவது கஷ்டமான வேலை என்று ஒத்துக்கொள்கிறது. அது செய்த வேலை எதனாலும் செடி முளைக்கவில்லை என்பது படிக்கிற குழந்தைக்குத் தெரியும், தேரைக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. குழந்தையைத் தன்னைவிடப் புத்திசாலியாக இருக்க விடுகிற எழுத்து அது. எண்ணிட்ட ஆறு வரிகள் இதைச் செய்ய முடியாது.

*

தமிழில் இந்த விஷயம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். வங்கி மேஜையிலிருந்து குழந்தைப் பாட்டு வந்ததை நம்மில் பலர் ஒரு வேடிக்கையாகவே சொல்லிவந்திருக்கிறோம். அவருடைய லட்டுப் பாட்டை நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிவோம். அதைக் கவிதையாகக் கருதத் துணிய மாட்டோம். ஆனால் அதை ஒருமுறை குமாஸ்தாவின் கண்ணால் பாருங்கள். தட்டில் எட்டு லட்டு. அண்ணன் பாதி எடுக்கிறான். தங்கை மீதியைத் தீர்க்கிறாள். ஆளுக்கு நாலு, மொத்தம் எட்டு, தட்டு காலி. தொடக்க இருப்பு, பற்று, பற்று, முடிவில் இருப்பு இல்லை. கணக்கு ஒரு பைசா தவறாமல் சரியாகிறது. அந்தச் சரியாதலில்தான் சிரிப்பு இருக்கிறது. உணவு தீர்ந்துபோகும் என்பது அந்தப் பாட்டின் விஷயம். அதற்கு மேல் உபதேசம் இல்லை.

'நீடித்த உணவு' என்று இன்று நாம் பேசுவதன் சாரமும் இதுதானே? இருப்பது எட்டு, எடுத்தால் குறையும், இரண்டு பேர் எடுத்தால் காலியாகும். அந்த வார்த்தையைக் கேள்விப்படாமலே வள்ளியப்பா அதைச் செய்துவிட்டார். வார்த்தையைக் கற்றுக்கொண்ட புத்தகங்கள் தட்டைக் காலியாக விடவே பயப்படுகின்றன.

அவர் காலத்துக்குப் பிறகு நம் ஊரில் பெரிய மாறுதல் நிகழ்ந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சென்னையில் 1994-இல் தாரா, 1996-இல் துலிகா, பிறகு 2004-இல் பெங்களூரில் பிரதம் புக்ஸ் என்று வந்தபோது படப் புத்தகம் என்பது தனி வடிவமாக நிலைகொண்டது. அச்சும் ஓவியமும் நம் சிறுபத்திரிகைக்காரர்கள் பொறாமைப்படத் தக்கவை. பிரதம் 2015-இலிருந்து இணையத்தில் இலவசமாகவே பல மொழிகளில் கதைகளைக் கொடுக்கிறது. இதெல்லாம் உண்மையான சாதனை. ஆகவே என் கேள்வியும் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாரா 2007-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். அனுஷ்கா ரவிசங்கர் ஆங்கிலச் செய்யுளில் எழுதிய சந்தைக் கதை. அம்மா கொடுத்த காசோடு ஒரு பெண் குழந்தை சந்தைக்குப் போகிறாள். பார்ப்பதெல்லாம் விளையாட்டாகிறது. விளையாட்டில் மயங்கி, எதுவும் வாங்காமல் திரும்புகிறாள். இது நல்ல புத்தகம். உபதேசம் இல்லை, செய்யுளுக்குத் தன் காலில் ஓடத் தெரிகிறது, குழந்தையின் கவனம் எப்படிச் சிதறும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மேலே சொன்ன ஏழோடு இதைச் சேர்க்க மாட்டேன். இருந்தும் படித்து முடித்தபோது எனக்கு ஒரு நெருடல். காசு செலவாகாமல் வீடு திரும்புவது வாங்க வந்தவளுக்குச் சந்தோஷமான முடிவு. கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அது வேறு மாதிரியான முடிவு. அந்த இரண்டாவது குழந்தை, கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை, நம் புத்தகங்களைப் படிக்கிறவர்களின் கணக்கில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம்மிடையே ஒரு முன்னுதாரணம் உண்டு. புதுமைப்பித்தனின் 'மகாமசான'த்தில் நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மாம்பழக் கடை. தகப்பனோடு வந்த ஒரு சிறுமி. அது குழந்தைகளுக்கான கதை அல்ல. ஆனால் ஒரு குழந்தையின் கண்ணில் பழமும் சாவும் ஒரே சமயத்தில் விழ முடியும், அதனால் குழந்தை உடைந்துபோகாது என்பதை அவர் கண்டிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு உப்பு என்று மாற்று விலையைக் கூவிக்கொண்டு வருகிறாள். காதல் பாட்டுதான். ஆனாலும் விலை இருக்கிறது.

*

மொழிக்கு வருகிறேன். 'நீடித்த' என்ற வார்த்தை எட்டு வயதுக் குழந்தைக்கு எதையும் சொல்லாது. எனக்கும் அதிகம் சொல்வதில்லை. 'நஞ்சில்லா உணவு' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நஞ்சு என்ற சொல் இருக்கிறது, யாரோ நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி இருக்கிறது, பயமும் கோபமும் இருக்கின்றன. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது உரக் கடனும் விதை யார் கையில் இருக்கிறது என்பதும் பேச்சின் நடுவில் இருந்தன. அவர் பேசியது குழந்தைப் புத்தகமாகும்போது கடனும் விதையின் உரிமையும் கழன்று விழுந்துவிடுகின்றன. மக்கு உரம் மட்டும் வந்து சேர்கிறது.

சந்தைக்கென்று தமிழில் இருக்கும் வார்த்தைகளை யோசித்துப் பாருங்கள். போணி. கொசுறு. கூறு. கட்டு. சொத்தை. வாடல். தண்டல். காலையில் முதல் வியாபாரம் போணி. அதைச் செய்கிறவரின் கை ராசியைப் பற்றி ஒரு சாஸ்திரமே உண்டு. வாங்கியதற்கு மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு. அது தானமுமல்ல, தள்ளுபடியுமல்ல. நாளைக்கும் நீ வருவாய் என்ற எதிர்பார்ப்பு. அந்தியில் மீந்ததைக் குவித்து எடையில்லாமல் விற்பது கூறு. ஒவ்வொரு சொல்லிலும் இரண்டு மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சொற்களில் ஒன்றுகூட ஏழு புத்தகங்களில் இல்லை. அவற்றில் உள்ள சந்தையைப் போர்த்துக்கீஸிலோ ஸ்வீடிஷிலோ மொழிபெயர்த்தால் எதுவும் குறையாது. குறைவதற்கு அதில் எதுவும் இல்லை.

செடிகளும் அப்படித்தான். காரட்டும் சூரியகாந்தியும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. காரட் எங்களுக்கு நீலகிரியிலிருந்து லாரியில் வருகிற சாமான். தாம்பரத்து வெயிலில் தானாக வருவது முருங்கை. கொஞ்சம் பாடுபட்டால் கத்தரி, வெண்டை, அவரை, தண்டுக்கீரை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து விடிகாலை மின்ரயிலில் கீரைக் கட்டுகள் வந்து இறங்குவதைத் தாம்பரம் ஸ்டேஷனில் வேலைக்குப் போகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்து ஊர் உணவு என்று எதைச் சொல்கிறோமோ அது தலைச்சுமையாக நம்மை இடித்துக்கொண்டு போகிறது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழந்தைக்குக் காரட் கதை படிக்கிறோம்.

உள்ளூர்ச் சந்தை என்பது அரசியலாகவும் நடந்திருக்கிறது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்பது நோக்கம். அங்கே அன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. விற்க வருகிறவருக்குத் தராசும் அங்கேயே கிடைக்கிறது. தராசு யாருடையது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆட்சி மாறியபோது சந்தைகள் தேய்ந்தன. மறுபடி மாறியபோது மீண்டன. 2020 மே மாதம் நோய்த்தொற்றினால் கோயம்பேடு மூடப்பட்டு மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனபோது, சென்னையின் சோறு எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தைகள் அப்போது வீட்டிலேயே இருந்தார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்?

*

ஒரு சம்பவம். தெருவோர வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதலில் பத்தாயிரம் ரூபாய் கடன் தருவதென்று 2020 ஜூனில் மத்திய அரசின் திட்டம் ஒன்று வந்தது. அதற்காக எங்கள் கிளைக்குக் கீரை விற்கும் ஓர் அம்மாள் வந்தார். கூடப் பதினோரு வயதுப் பையன். விண்ணப்பத்தில் மாத வருமானம் என்ற கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"மாசத்துக்கு எப்டி சார் சொல்றது? அன்னிக்கி அன்னிக்கிதான். ரெண்டு நாளு மழ பேஞ்சா கீர அழுவிப் பூடும்" என்றார்.

பையன் ஒரு பழைய செலான் தாளைத் திருப்பி அவனே எழுத ஆரம்பித்தான். எடுத்த கட்டு எத்தனை, என்ன விலைக்கு. விற்றது எத்தனை. கொசுறு. வாடினது. ரயில். டீ. தண்டல். தண்டல் என்பதற்கு நேராக மட்டும் எழுதாமல் அம்மாவைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அவன் எழுதினான். கடைசியில் கோடு போட்டு ஒரு தொகை. அதை முப்பதால் பெருக்குவதற்கு முன் யோசித்து, இருபத்திரண்டால் பெருக்கினான். ஏன் என்று கேட்டேன். "மழ, அப்புறம் அம்மாவுக்கு முடியாத நாளு, சார்" என்றான்.

மீந்த கட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "மாட்டுக்கு. கொஞ்சம் எங்களுக்கு" என்றான்.

அந்தத் தாளில் உணவு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் இருந்தது. நஷ்டம், பருவம், உடம்பு, கடன், கால்நடை எல்லாம் பதினைந்து வரிக்குள் இருந்தன. என் மகளின் ஏழு புத்தகங்களில் எதையாவது இந்தப் பையனிடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்று யோசித்தேன். படங்களை ரசிப்பான். பிறகு, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பான். அவன் நினைப்பது சரியாக இருக்கும்.

குழந்தைப் புத்தகம் நல்ல காரியமா என்ற முதல் கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். சந்தையை வண்ணமாகப் பார்க்கிற குழந்தை, சந்தையில் வேலை செய்கிற குழந்தை என்று இரண்டு குழந்தைகளை இந்தப் புத்தகங்கள் பிரித்துவிடுகின்றன. முதல் குழந்தைக்கு இரண்டாவது குழந்தை தெரியாமலே போகிறது. எழுத்தாகத் தோற்ற இடத்திலேயே நல்ல காரியமாகவும் தோற்றுப்போகின்றன. இரண்டும் வெவ்வேறு தோல்விகள் அல்ல.

*

என்னை இதிலிருந்து விலக்கிக்கொள்ள முடியாது. நான் இருக்கும் வீடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே, வங்கிக் கடனில் வாங்கியது. தாய்ப் பத்திரத்தைப் படிப்பது என் தொழில் என்பதால் படித்தேன். 1974-ஆம் வருஷத்துப் பத்திரம். நிலத்தின் வகை: நஞ்சை. பாசனம்: ஏரி. அந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேர்ந்தவை. 2022-இல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சியிருப்பதற்குக் கிடைத்த அங்கீகாரம். ஏரிகள் பெயரளவுக்காவது இருக்கின்றன. பாய்வதற்கு வயல் இல்லை. வயல் இருந்த இடத்தில் நாங்கள் இருக்கிறோம். 2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் மாடி வரை தண்ணீர் நின்றபோது, எந்தெந்த மனைக்குக் கடன் கொடுத்தோம் என்று எங்கள் கிளையில் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தார்களாம்; பல பத்திரங்களில் அதே சொல். நான் அப்போது வேலைக்குச் சேரவில்லை. சேர்ந்த பிறகு நானும் அப்படிப்பட்ட கோப்புகளில் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

அந்த நஞ்சைக்கு முப்பதடி மேலே, மொட்டைமாடியில், செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், பைகள் எல்லாம் விலைக்கு வாங்கி நானும் மகளும் தக்காளி போட்டோம். கணக்கு எழுதினேன். ஒரு பருவத்தில் செலவு 1,840 ரூபாய். கிடைத்தது ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தக்காளி ருசியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவள் முதல் பழத்தைப் பறித்த அன்று அடைந்த சந்தோஷத்துக்கும் கணக்கில் இடமில்லை. ஆனால் இந்தக் கேலிக்கூத்தில் ஒரு கதை இருக்கிறது: வயலை வீடாக்கி, வீட்டு மாடியை வயலாக்க முயலும் அப்பாவின் கதை. குழந்தைகள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். லோபெலின் தேரையைப் பார்த்துச் சிரித்த மாதிரி.

முற்போக்கு நண்பர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தான் என்று நினைக்க வேண்டாம். கந்துவட்டிக்காரனைக் கொடுவாள் மீசையோடு வரைந்து, கடைசிப் பக்கத்தில் அவனை விரட்டியடிக்கும் புத்தகமும் இதே பொய்தான். அங்கே மண்புழுவுக்குப் பதில் முஷ்டி சிரிக்கும். குழந்தைகளுக்குத் துக்கம் போதிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ருஷ்ய நாடோடிக் கதை ஒன்று உண்டு: தாத்தா நட்ட டர்னிப் கிழங்கு பெரிசாகிவிடுகிறது, பிடுங்க வரவில்லை. பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து இழுக்கிறார்கள். கடைசியில் ஒரு எலி வந்து சேர்ந்ததும் வருகிறது. உழைப்பின் பாரம் அந்தக் கதையின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாக்கியம் நீளுகிறது, சொல்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்பது இந்த மாதிரியான நேர்மை.

டெட்சுகோ குரோயானகியின் டோட்டோ-சானைத் தமிழில் பலர் படித்திருப்பார்கள். 1981-இல் ஜப்பானில் வந்த புத்தகம். அதில் தலைமையாசிரியர் கோபயாஷி ஒரு விவசாயியைக் கூட்டிவந்து, இன்று இவர்தான் உங்கள் ஆசிரியர் என்கிறார்.  விதைப்பதற்கு முன் களை பிடுங்கச் சொல்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் சட்டம். இல்லாத குழந்தைக்குத் தலைமையாசிரியரின் மனைவி இரண்டு பாத்திரத்தோடு வந்து போடுகிறார். நம் ஏழு புத்தகங்களின் லட்சியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஆனால் இங்கே அது உயிரோடு இருப்பதற்குக் காரணம், விவசாயி ஒரு குறிப்பிட்ட மனிதராக, தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறவராக வருகிறார் என்பது. இன்னொரு காரணம், அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. அது எரிந்துபோகும் என்பதை மறைக்காத புத்தகம் என்பதனால் அந்தச் சாப்பாட்டை நாம் நம்புகிறோம்.

குழந்தைகளைக் கடனாலும் அழுகலாலும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். கீரைக்காரப் பையனுக்கு யாரும் அதிலிருந்து விலக்கு அளிக்கவில்லை என்றேன். அவர், நான் எழுத்தை விட்டுவிட்டு நியாயம் பேசுவதாகச் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு சந்தையை எழுதப் புகுந்துவிட்டு அங்கே தராசு கண்ணில் படாமல் போனால் அது முதலில் பார்வையின் குறை, நியாயம் அப்புறம்தான்.

மகளின் பள்ளி வேலை என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பல்லாவரம் சந்தைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய இரும்பு, நாற்று, கோழி, காய்கறி எல்லாம் ஒரே ரோட்டில். ஒரு மிளகாய் நாற்றுக்கு அவளே விலை கேட்டாள். சொன்ன விலையைக் கொடுத்தாள். கடைக்கார அம்மாள் இன்னொரு நாற்றைப் பிடுங்கி, "இந்தாம்மா, வச்சிக்கோ" என்று கையில் திணித்தார். வரும் வழியெல்லாம் அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொசுறு என்றேன். அர்த்தம் கேட்டாள். என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

நோட்டில் அவள் எழுதியது நாலு வரி. நாற்றின் விலை, பஸ் டிக்கெட், இரண்டாவது நாற்றுக்கு எதிரே 'கொசுறு' என்ற சொல், கீழே கோடு போட்டு மொத்தம். நோட்டு திரும்பி வந்தபோது சிவப்பு மையில், 'சந்தையின் படம் வரைந்து வண்ணம் தீட்டவும்' என்று இருந்தது. அவள் வரைந்தாள். மஞ்சள், சிவப்பு, பச்சை. நடுவில், கேட்காமலே, ஒரு தராசு போட்டிருந்தாள். ஒரு தட்டு இறங்கியிருந்தது.